நாற்பது துளிக்குக் குறைந்தால் வியர்வை

குடியிருப்பு வாரியத்தின் நீரழுத்தப் பிரிவு, ஒரு பம்பிலிருந்து தண்ணீர் வெளியேறக்கூடிய விதங்களை நான்காகப் பிரித்து, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. நிமிடத்துக்கு நாற்பது துளிக்குக் குறைந்தால் வியர்வை. நாற்பதிலிருந்து நூறு வரை கசிவு. நூறைத் தாண்டினால் ஒழுக்கு. எண்ண முடியாவிட்டால் பெருக்கு. வியர்வைக்குப் புகார் வாங்க மாட்டார்கள். அது பம்பின் சுபாவம். பெருக்குக்கும் வாங்க மாட்டார்கள். அது இயற்கைச் சீற்றம், வேறு துறை.

கண்ணாடிக்காரர் இதை மேலிருந்து கீழாக ஒரு முறையும் கீழிருந்து மேலாக ஒரு முறையும் வாசித்தார். மூக்குக்கண்ணாடிக்கு வில்லை வெட்டிச் சட்டத்தில் பொருத்துவது அவர் தொழில். தெருவில் எல்லாரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவருக்கும் அது போதுமானதாக இருந்தது. அன்று கடையைத் திறக்காமல் நேராக இங்கே வந்துவிட்டார்.

"சார், வீட்டுல ஷவர் பம்பு சரியில்லைங்க," என்றார் புகார் ஜன்னலில்.

"சரியில்லைன்னா? கசியுதா, ஒழுகுதா, வியர்க்குதா?"

"தண்ணி வருதுங்க."

"தண்ணி வர்றதுக்குத்தானே பம்பு குடுத்திருக்கோம்?"

"வரக்கூடாத எடத்துல வருதுங்க."

ஜன்னலுக்குள் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். "எந்த இடத்துல வரலாம், எந்த இடத்துல வரக்கூடாதுன்னு நீங்க முடிவு பண்ணக்கூடாது. ஆய்வாளர் வந்து பார்ப்பாரு. வீடு யார் பேர்ல?"

"என் சம்சாரம் பேர்ல."

"அப்ப நீங்க யாரு?"

கண்ணாடிக்காரர் சிரித்தார். ஜன்னலுக்குள் இருந்தவர் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது.

விஷயம் இதுதான். அவர்கள் வீடு நாலாவது மாடி. தண்ணீர்த் தொட்டி தலைக்கு மேலேயே இருந்தது. தொட்டி உயரத்தில் இருந்தால்தான் தண்ணீர் வேகமாக விழும். தலைக்கு மேலே ஆறடியில் இருக்கும் தொட்டியிலிருந்து ஷவரில் நூல் மாதிரிதான் இறங்கும். அதனால் மேல்மாடிக்காரர்களுக்கு மட்டும் வாரியம் ஆளுக்கொரு சின்ன பம்பு கொடுத்திருந்தது. பம்பு தொட்டித் தண்ணீரைத் தள்ளிவிடும்; ஹீட்டர் வழியாக வெதுவெதுப்பாக ஷவரில் கொட்டும்.

மேல்மாடியில் இருந்த மற்றவர்களுக்கு அது குளியல். கண்ணாடிக்காரர் வீட்டில் அது வேறு.

அவர் மனைவிக்கு மறதி நோய். அடுப்பை அணைத்தோமா என்கிற மறதி இல்லை; இது யார் வீட்டு அடுப்பு என்கிற மறதி. நாள் முழுக்க அவரை அண்ணன் என்பாள், டாக்டர் என்பாள். சில சமயம் வாடகைக்கு வீடு கேட்டு வந்தவர் என்று நினைத்து, "இங்க எதுவும் காலி இல்லைங்க, எதிர் வீட்டுல கேட்டுப் பாருங்க" என்று மரியாதையாக வாசலைக் காட்டுவாள். ஆனால் காலை ஏழு மணிக்கு அவளே எழுந்து குளியலறைக்குப் போவாள். பிளாஸ்டிக் முக்காலியில் உட்காருவாள். பிடரியில் வெந்நீர் விழுந்து இரண்டு நிமிடம் ஆனதும் கண்ணை மூடிக்கொண்டு, "என்னங்க" என்பாள்.

"சொல்லும்மா."

"சோப்பு கண்ணுல படாம பாருங்க. நேத்து எரிஞ்சுது."

அல்லது, "என்னங்க, நேரமாகலையா? கடையை யார் தொறப்பா?"

பத்து நிமிடம். ஷவரை மூடித் துண்டால் துடைத்துவிடும்போது மறுபடியும் அவர் அண்ணன் ஆகிவிடுவார். அந்தப் பத்து நிமிடத்தை வைத்துக்கொண்டுதான் அவர் மிச்ச நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"இந்த வழக்கத்தை மட்டும் விட்டுடாதீங்க," என்று டாக்டர் சொல்லியிருந்தார். "ஞாபகம் போனாலும் பழக்கம் உடம்புல கொஞ்ச நாள் நிக்கும். நடுவுல விட்டுப்போனா திரும்ப வராது."

இப்போது பம்பின் வெளிவாயில், குழாய் சேரும் இடத்தில் துளி துளியாகச் சொட்டியது. அது கீழே இருந்த மின்பெட்டியில் பட்டு, ஓட விட்ட ஒன்றிரண்டு நிமிடத்தில் கரண்ட் போய்விடும். பக்கெட்டில் வெந்நீர் எடுத்துக் குவளையால் ஊற்றிப் பார்த்தார். முதல் குவளை தலையில் விழுந்ததும் அவள் அலறினாள். யாரோ அவளைத் தண்ணீரில் முக்குகிறார்களாம். அவர் கையைக் கடித்துவிட்டாள். கடித்துவிட்டு, "மன்னிச்சுக்கோங்க டாக்டர்" என்று அழுதாள். அதற்குப் பிறகு ஈரத்துணியால் துடைத்துவிடுவதோடு நிறுத்திக்கொண்டார்.

கசிவின் காரணம் அவருக்கு முதல் நாளே தெரியும். கடையிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்து, எல்லா இணைப்பையும் துணியால் ஈரம் போகத் துடைத்து, அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, அரை நிமிடம் ஓட விட்டார். முதல் பொட்டு எங்கே விழுகிறது என்று பார்த்தார். வெளிவாயின் திருகுமறைக்குள் இருந்த ரப்பர் வாஷர் கோணலாக நசுங்கிக் கிழிந்திருந்தது. புது வாஷர் கைவசம் இருந்தால் கால்மணி நேர வேலை.

ஆனால் பம்பின் நெற்றியில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. 'வாரியச் சொத்து. பயனாளியோ பிறரோ கைவைத்தால் கருவி திரும்பப் பெறப்படும். மறு ஒதுக்கீட்டுக்கான காத்திருப்பு: மூன்று ஆண்டு.'

அவளிடம் மூன்று வருடம் இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. பூதக்கண்ணாடியைப் பையில் வைத்துக்கொண்டார்.

புகார் கொடுத்த பதினோராம் நாள் கசிவு ஆய்வாளர் வந்தார். வந்ததும் பம்பைப் பார்க்கவில்லை, பயனாளியைப் பார்த்தார். பயனாளியிடம் கனிவாகப் பேச வேண்டும் என்று வாரியம் சுற்றறிக்கை விட்டிருந்தது. எனவே அவர் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, கொஞ்சம் குனிந்து, "வணக்கம்மா. வாரியத்துலேருந்து வர்றோம். இந்த எடத்துல ஒரு கையெழுத்து" என்றார்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். "உட்காருங்க சார்," என்றாள். பேனாவை வாங்கி, கோடு மாறாமல் கையெழுத்துப் போட்டாள்.

அவளை ஒரு வாய் தண்ணீர் குடிக்க வைக்கக் கண்ணாடிக்காரர் தினமும் அரைமணி நேரம் கெஞ்ச வேண்டியிருந்தது.

பிறகு எண்ணிக்கை தொடங்கியது. பம்பை ஓட விட்டு, ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வாய்விட்டு எண்ணினார். கீழ் வீட்டு டீச்சரம்மா படியேறி வந்து நின்றாள். கண்ணாடிக்காரர் வெளியே போகும் நாட்களில் மனைவிக்குத் துணை இருப்பவள் அவள்தான். சொட்டுகிற தண்ணீர் போய்ச் சேருவதும் அவள் வீட்டுக் கூரையில்தான்.

"முப்பத்தேழு... முப்பத்தெட்டு. நேரம் முடிஞ்சுது. வியர்வை."

"சார், இன்னும் ரெண்டு துளிதானே?" என்றாள் டீச்சரம்மா.

"ரெண்டுதானேன்னு விட்டா, நாளைக்கு ஒருத்தர் முப்பத்தாறோட வந்து நிப்பாரு. அப்புறம் முப்பது. கடைசியில காய்ஞ்ச பம்பைக் காட்டிப் புகார் குடுப்பாங்க. ஒழுங்குன்னு ஒண்ணு வேணாமா?"

"என் வீட்டுக் கூரை நனையுதே."

"உங்க கூரைக்கு நீங்க தனியா எழுதிக் குடுங்க. கூரைப் பிரிவு ரெண்டாவது மாடி."

போகும்போது ஆய்வாளருக்கு இரக்கம் வந்தது. "சட்டப்படி நான் இதைத் தொடக்கூடாது. மனுஷத்தன்மைக்காகச் செய்யறேன்," என்று பையிலிருந்து முழங்கை நீளத்தில் ஒரு ஸ்பேனரை எடுத்தார்.

"சார், அதை இறுக்காதீங்க," என்றார் கண்ணாடிக்காரர். "ஏற்கெனவே இறுக்கினதாலதான் ரப்பர் கிழிஞ்சிருக்கு. கையால முறுக்கி, அதுக்கு மேல கால் சுத்து, அவ்வளவுதான். எங்க தொழில்ல கூட திருகாணியை ரொம்ப இறுக்கினா வில்லை ஒடைஞ்சிடும்."

"கண்ணாடி வேற, தண்ணி வேற. இறுக்கறதுதான் ரிப்பேர். இருபது வருஷமா இறுக்கிட்டிருக்கேன்."

டக் என்று ஒரு சத்தம் கேட்டது. ஆய்வாளர் மறுபடியும் எண்ணினார். முகம் மலர்ந்தது.

"எழுபத்திரண்டு! கசிவாயிடுச்சு. சந்தோஷம்தானே?"

"அப்ப எழுதிக்கோங்க சார்."

"எப்படி எழுதறது? நான் வந்தது வியர்வைக்கு. கசிவு புதுப் புகார். நீங்க ஆபீசுக்கு வரணும்."

அவர் மறுபடியும் ஆபீசுக்குப் போனார். புதுப் படிவத்தில் 'கசிவு தொடங்கிய நாள்' என்ற கட்டத்துக்கு எதிரே ஆய்வாளர் வந்த தேதியை உண்மையாக எழுதினார். அது அதிகாரியின் மேல் அவதூறு என்று திருப்பி அனுப்பினார்கள். 'தானாகத் தொடங்கியது' என்று திருத்தி எழுதிய பிறகு வாங்கிக்கொண்டார்கள்.

இருபத்தொன்பதாம் நாள் புது பம்பு வந்தது. கூடவே மூன்று பேர் வந்தார்கள்: பொருத்துகிறவர், வரைபடம் வைத்திருக்கிற மேற்பார்வையாளர், போட்டோ எடுக்கிறவர். கையெழுத்து வாங்கும் சடங்கு முடிந்தது. "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று மேற்பார்வையாளர் கேட்க, "ஏதோ உங்க தயவுல இருக்கோம் சார்" என்று அவள் சொன்னாள். அவருக்கு மெய்சிலிர்த்துவிட்டது, அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

குளியலறை வாசலில் நின்று கண்ணாடிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"சார், பம்பு மேல அம்புக்குறி இருக்கு பாருங்க. அது ஷவர் பக்கம் பார்க்கணும். நீங்க தொட்டிப் பக்கம் திருப்பி வைக்கறீங்க."

பொருத்துகிறவர் மேற்பார்வையாளரைப் பார்த்தார். மேற்பார்வையாளர் வரைபடத்தைப் பார்த்தார். அந்த வரைபடம் எதிர்ப் பக்கக் கட்டடத்துக்குப் போட்டது. அங்கே எல்லா வீடும் இந்தப் பக்கத்துக்கு இடவலம் மாறியிருக்கும்.

"வரைபடத்துல இப்படித்தான் இருக்கு."

"அம்புக்குறி வேற மாதிரி சொல்லுதே சார்."

"அம்புக்குறி கம்பெனிக்காரனோட சொந்த அபிப்பிராயம். வரைபடம் ஏழு பேர் கையெழுத்துப் போட்டது."

பம்பின் அடியில் நாலு ரப்பர்க் கால்கள் இருந்தன. ஓடும்போது வரும் அதிர்வை அவைதான் வாங்கிக்கொள்ளும். பொருத்துகிறவர் நான்கையும் பிடுங்கி ஓர் உறையில் போட்டு, 'உபரிப் பாகங்கள்' என்று எழுதிப் பயனாளியிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். எங்கோ ஒரு வீட்டில் ஒரு பம்பு அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து குளியலறை வாசல் வரை வந்துவிட்டதாம். அதிலிருந்து பம்பைத் தரையோடு நாலு திருகாணி போட்டு அறைய வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். தரையோடு அறைந்தால் அதிர்வு போக வழியில்லாமல் இணைப்புகளைத்தான் தளர்த்தும். அதைப் பற்றி ஒரு தீர்மானமும் இல்லை.

"சார், வால்வு மூடியிருக்கு. தொட்டித் தண்ணி உள்ள வரணும். பம்புல தண்ணி நெறைஞ்சு காத்து போனப்புறம்தான் சுவிட்சைப் போடணும்."

"எங்களுக்கு மூடத்தான் உத்தரவு இருக்கு. தொறக்கறது வால்வுப் பிரிவு."

"அப்ப இன்னைக்கு ஓட்டாதீங்க சார், கும்பிடறேன்."

"போட்டோகிராபர் வந்துட்டாரே," என்றார் மேற்பார்வையாளர் வருத்தத்தோடு.

சுவிட்சைப் போட்டார்கள். தண்ணீரே இல்லாத பம்பு நாலு நிமிடம் ஓடியது. அது போட்ட கூச்சலில் எதிர் வீட்டுக் கதவு திறந்தது. முதல் நிமிடத்தில் போட்டோ எடுத்தார்கள். இரண்டாவது நிமிடத்தில் வரிசையில் நிற்பவர்களை மாற்றி எடுத்தார்கள். மூன்றாவது நிமிடத்தில் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. நாலாவது நிமிடத்தில் அதுவாக நின்றது. 'சத்தமின்றி இயங்குகிறது' என்று மேற்பார்வையாளர் எழுதினார். அவர் எழுதிய நேரத்தில் அது உண்மைதான். பம்பின் மேல் அரக்கு வைத்து முத்திரை போட்டுவிட்டுப் போனார்கள்.

அவள் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தாள். கண்ணாடிக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அவங்க போயிட்டாங்களா அண்ணே?"

"போயிட்டாங்கம்மா."

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் குளியலறைக்குப் போனாள். முக்காலியில் உட்கார்ந்தாள். தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, பிடரியைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் விழவில்லை. கால்மணி நேரம் கழித்து எழுந்து வந்தாள். பம்பு பழுதான நாளிலிருந்து தினமும் இப்படித்தான். அவர் தினமும் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள்கூட அவள் ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்டதில்லை.

கண்ணாடிக்காரர் கொடுத்த மூன்றாவது புகாருக்காக நாற்பத்தேழாம் நாள் பிரிவுத் தலைவரே நேரில் வந்தார். புதிதாகப் பொருத்திய பம்பைக் குறை சொன்னால் அது பொருத்தியவர்களைக் குறை சொல்வதாகும். அதற்கு வீட்டிலேயே விசாரணை நடத்த வேண்டுமாம். இந்த வகைப் புகார் கொடுக்கும் தகுதி பயனாளிக்கு உண்டு. இல்லாவிட்டால் பயனாளி அடையாளம் காட்டும் கணவருக்கோ மனைவிக்கோ உண்டு. தலைவர் நாற்காலியில் அமர்ந்து, கனிவாக ஆரம்பித்தார்.

"வணக்கம்மா. வாரியத்துலேருந்து வர்றோம். ஒரே ஒரு கேள்வி. இவர் யாரு?"

அவள் கண்ணாடிக்காரரை ஏற இறங்கப் பார்த்தாள். அவசரப்படாமல், தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்கிற அக்கறையோடு பார்த்தாள்.

"தெரியலையே சார்," என்றாள். "நல்ல மனுஷன். எனக்குச் சாப்பாடு குடுப்பாரு."

தலைவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "அறிமுகமில்லாத நபர். நல்லவர். உணவு வழங்குகிறார்."

"சார், அவளுக்கு ஒடம்பு சரியில்லை. டாக்டர் சீட்டு இருக்கு. கல்யாணப் பதிவுச் சீட்டும் இருக்கு, இதோ." அவர் இரண்டையும் எடுத்து நீட்டினார்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். அந்தக் கண்ணாடி கோணலாக இருந்தது. வேறு நாளாக இருந்தால் கண்ணாடிக்காரர் வாங்கி நிமிர்த்திக் கொடுத்திருப்பார்.

"கல்யாணம் நடந்திருக்குன்னு இதுல இருக்கு. நான் இல்லைன்னு சொல்லலை. அது அவங்களுக்கு ஞாபகம் இருக்குன்னு இதுல எங்க இருக்கு?"

கண்ணாடிக்காரர் குளியலறையைக் காட்டினார். "சார், ஷவர்ல உட்கார வெச்சா சொல்லுவா. வெந்நீர் பட்டதும் 'என்னங்க'ம்பா. நீங்க வெளியில நின்னே கேட்கலாம்."

"அப்ப உட்கார வைங்க. நான் காத்திருக்கேன். எனக்கு அவசரம் இல்லை."

"பம்பு ஓடலையே சார்."

"ஓடலைன்னா புகார் குடுக்க வேண்டியதுதானே?"

"அந்தப் புகாரைத்தானே சார் வாங்க மாட்டேங்கறீங்க."

"வாங்க மாட்டேன்னு யார் சொன்னா? அவங்க உங்களை அடையாளம் காட்டட்டும், இந்த நிமிஷமே வாங்கிக்கறேன்."

டீச்சரம்மா கதவோரத்திலிருந்து, "சார், இது நியாயமா?" என்றாள். "ரெண்டு வருஷமா நான் பார்த்துட்டிருக்கேன். இவர் பொண்டாட்டிக்குச் செய்யற மாதிரி எந்தப் புருஷனும் செய்ய மாட்டான். நான் சாட்சி சொல்றேன்."

"நீங்க கூரை நனையுதுன்னு எழுதிக் குடுத்தவங்கதானே? உங்களுக்கு இதுல ஆதாயம் இருக்கும்மா."

பிறகு தலைவர் எழுந்து நின்றார். உட்கார்ந்தபடி சொல்லக்கூடிய விஷயம் இல்லை போலிருக்கிறது.

"உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. என்னைப் பத்தியும் நீங்க தெரிஞ்சுக்கணும். நான் பொறுப்பேத்துக்கிட்டப்ப வருஷத்துக்கு ஆயிரத்து இருநூறு புகார். இப்ப தொண்ணூறு. எப்படிக் குறைஞ்சுது? குழாயை மாத்தினோமா? இல்லை. பம்பை மாத்தினோமா? இல்லை. படிவத்தை மாத்தினோம். ரெண்டு பக்கமா இருந்ததைப் பதினாலு பக்கம் ஆக்கினோம். மக்கள் திருப்தியாயிட்டாங்க. பக்கத்து ஊர்லேருந்தெல்லாம் வந்து பார்த்துட்டுப் போறாங்க. இந்த நிலைமையில உங்க ஒருத்தருக்காக நான் வளைஞ்சு குடுத்தா, தொண்ணூறு தொண்ணூத்தொண்ணு ஆகும். அந்த ஒண்ணை நான் மேல என்னன்னு சொல்லுவேன்? நீங்களே சொல்லுங்க. ஒரு குடும்பஸ்தனா யோசிச்சுச் சொல்லுங்க." சட்டென்று நிறுத்தினார். "மன்னிக்கணும். அது இன்னும் நிரூபணமாகலை."

போகும்போது அவளிடம் குனிந்து, "வர்றோம்மா. எல்லாம் சரியாயிடும்" என்றார். அவள் எழுந்து நின்று வழியனுப்பினாள்.

அறுபத்தோராம் நாள் காலை மணி ஏழு ஆனது. ஏழே கால் ஆனது. அவள் எழுந்திருக்கவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்து விழித்துக்கொண்டே கிடந்தாள். கண்ணாடிக்காரர் போய், "குளிக்கப் போகலாமா?" என்று கேட்டார்.

"எங்க?" என்றாள்.

அவர் குளியலறைக்குப் போனார். பிறகு வில்லைத் திருகாணிக்கு வைத்திருக்கும் சின்னத் திருப்புளியை எடுத்து அரக்கு முத்திரையின் அடியில் கொடுத்து நெம்பினார். அது மிட்டாய் மாதிரி உடைந்து விழுந்தது.

"ஐயோ, சீல்!" என்றாள் அப்போதுதான் படியேறி வந்த டீச்சரம்மா.

"எடுத்துட்டுப் போறதா இருந்தா போகட்டும் டீச்சர். எதுக்காகக் காத்திருந்தேனோ அது போய்க்கிட்டிருக்கு."

பம்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு சாமான் கடைக்குப் போனார். கடைக்காரர் அதன் வாயை முகர்ந்து பார்த்தார்.

"தண்ணியில்லாம ஓட்டியிருக்கீங்க. உள்ள தண்டு சுத்தற எடத்துல தண்ணியை அடைக்கற சீல் கருகிப்போச்சு. வாய் ரெண்டையும் மாத்தி வேற மாட்டியிருக்கீங்க. உங்களைப் பார்த்தா விவரமான ஆள் மாதிரி இருக்கே, இப்படியா பண்ணுவீங்க?"

"நான் இல்லை. வாரியம்."

"ஓ," என்றார் கடைக்காரர். அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் சீலையும் இரண்டு வாஷரையும் எடுத்து வைத்தார். "பார்த்து அண்ணே. சீலோட பளபளப்பான முகத்துல விரல் படக்கூடாது."

"வில்லை மாதிரி," என்றார் கண்ணாடிக்காரர்.

அன்று முழுக்க வேலை செய்தார். முதலில் மெயின் சுவிட்சை அணைத்தார். தரையில் அறைந்த நாலு திருகாணியின் ஓட்டைகளையும் அடைத்து, 'உபரிப் பாகங்கள்' உறையைத் தேடி எடுத்து, ரப்பர்க் கால்களை அவற்றுக்குரிய இடத்தில் மாட்டினார். கருகிய சீலை எடுத்துவிட்டு, புதியதை ஓரத்தில் பிடித்து நேராக உட்கார வைத்தார். தொட்டிப் பக்கத்துக் குழாயில் இருந்த வடிகட்டியைக் கழற்றினால் மணலும் துருவும் அடைத்துக் கிடந்தன, கழுவினார். பம்பைச் சமதளமாக, அம்புக்குறி ஷவரைப் பார்க்கும்படி வைத்தார். புது வாஷரைக் கோணாமல் அமர்த்தி, மறையைக் கையால் முறுக்கி, அதற்கு மேல் ஸ்பேனரால் கால் சுற்று. அதோடு கையை எடுத்துவிட்டார். மின்பெட்டியைத் தண்ணீர் எட்டாத உயரத்துக்கு மாற்றுவதற்கு மட்டும் தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். பிறகு வால்வைத் திறந்து, சுவிட்சைத் தொடாமல், ஷவரை மட்டும் திறந்து விட்டார். இருமல் மாதிரி காற்று வந்தது. பிறகு காற்றும் தண்ணீருமாக. பிறகு நூல் மாதிரி தண்ணீர் மட்டும். அதற்குப் பிறகுதான் சுவிட்சைப் போட்டார்.

ஷவர் கொட்டியது. பம்பிலிருந்து பூனை உறுமுகிற அளவுகூடச் சத்தம் இல்லை. எல்லா இணைப்பையும் துடைத்து, அடியில் செய்தித்தாளை விரித்து, பத்து நிமிடம் ஓட விட்டார். தாளில் ஒரு பொட்டும் இல்லை. எழுபத்திரண்டும் இல்லை, முப்பத்தெட்டும் இல்லை. வாரியத்தின் சட்டத்தில் அதற்குப் பெயரே கிடையாது.

டீச்சரம்மா கைதட்டினாள். தட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

மறுநாள் ஏழு மணிக்கு வெந்நீரைத் திறந்துவிட்டு அவளைக் கைபிடித்து அழைத்துப் போனார். வாசற்படியில் அவள் நின்றுவிட்டாள். தண்ணீரைப் பார்த்தாள். நிலைக்கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"யாரு நீங்க? என்னை எங்க தள்ளறீங்க? விடுங்க!"

"நான்தாம்மா. உனக்குப் பிடிச்ச வெந்நீர். தொட்டுப் பாரு."

"விடுங்க! ஆபீஸ்காரங்ககிட்ட சொல்லுவேன்!"

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் குளியலறைப் பக்கமே வர மறுத்துவிட்டாள். அன்று மதியம் வாரியத்திலிருந்து அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. குறிப்பிட்ட காலத்துக்குள் தகுதியுள்ள புகார் எதுவும் வராததால் அவள் திருப்தியடைந்த பயனாளியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறாளாம், புகார்களின் எண்ணிக்கை எண்பத்தொன்பதாகக் குறைந்திருக்கிறதாம், ஒத்துழைப்புக்கு நன்றியாம்.

கண்ணாடிக்காரர் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை இஸ்திரி போட்ட சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பையில் பேனா செருகினார். கடிதத்தை ஒரு கோப்பில் வைத்தார். சத்தமில்லாமல் வெளியே போய், கதவைச் சாத்தி, தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினார். உள்ளே வந்து கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, கொஞ்சம் குனிந்தார்.

"வணக்கம்மா. வாரியத்துலேருந்து வர்றோம்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டாள். "உட்காருங்க சார்."

"பம்பைச் சோதிச்சுப் பார்க்கணும். பயனாளி ஷவருக்குக் கீழ உட்கார்ந்து தண்ணி சரியா விழுதுன்னு சொன்னாத்தான் நாங்க எழுத முடியும். இந்த எடத்துல ஒரு கையெழுத்து."

கோடு மாறாமல் கையெழுத்துப் போட்டாள். எழுந்து அவர் முன்னால் நடந்து, குளியலறைக்குள் போய், முக்காலியில் உட்கார்ந்தாள். வெந்நீர் பிடரியில் விழுந்தது. தோள் ஒரு தரம் குலுங்கி, பிறகு இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் இஸ்திரிச் சட்டையோடு நனைந்துகொண்டு நின்றார். இரண்டு நிமிடம் ஆனது. ஐந்து நிமிடம் ஆனது. சோப்பைக் கண்ணில் படாமல் தேய்த்தார்.

"சார்," என்றாள்.

அவர் கை நின்றது. "சொல்லுங்கம்மா."

"எங்க வீட்டுக்காரர் இந்தத் தண்ணிக்காக உங்க ஆபீசுக்கு நடையா நடந்தாருங்க."

"தெரியும்மா."

"இப்பவும் அங்கதான் போயிருப்பாரு. வந்தா ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்க சார். கால் வலிக்கும். வலிக்குதுன்னு வாயைத் தொறந்து சொல்ல மாட்டாரு."

"சரிம்மா. சொல்றேன்."

தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, விழுகிற தண்ணீரின் சூட்டைப் பார்த்தாள்.

"பதமா இருக்கு," என்றாள். "எல்லாத்தையும் எனக்கே ஊத்திடாதீங்க சார். அவருக்குக் கொஞ்சம் வெச்சிருங்க. களைச்சு வருவாரு."

"ஆகட்டும்மா," என்று சொல்லி, கண்ணாடிக்காரர் குழாயைப் பாதியாகக் குறைத்தார்.